விதி என்பது எது?

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. சட்டதிட்டம் என்பது மற்றொன்று. முன்னதை எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதைப் படித்துப் பார்க்கவும் வழியில்லை. பின்னதை எழுதியவர்கள் மனிதர்கள். அது அச்சில் இருக்கிறது. அதைப் படிக்கலாம், பொருள் கேட்கலாம், சில வேளைகளில் மாற்றவும் செய்யலாம். கல்லூரியில் இடம் உறுதியாகியிருக்கும்போது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் கை நழுவவிட்ட மாணவன் ஒருவன், "இடம் போய்விடுமோ, என் விதி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறான். அவன் சொல்லும் விதி இவ்விரண்டில் எது? மாணவ நண்பர்களே, இக்கேள்வியை ஒரு சிறு ஆய்வாக எடுத்துக்கொண்டு, நமக்கு நெருங்கிய சில நிகழ்ச்சிகளின் வழியே பார்க்க விரும்புகிறேன். கணிதம் பயிலும் மாணவன் என்பதால் இடையிடையே சிறு கணக்கும் வரும், பொறுத்தருள்க.

உடன்குடியில் ஒரு கடிதம்

உடன்குடி என்றதும் கேட்பவர் நாவில் கருப்பட்டி இனிக்கும். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கோ தேர்வும் கருப்பட்டியும் ஒன்றாகவே நினைவுக்கு வரும். மாசி, பங்குனியில் பனையில் பாளை வெடிக்கும். அதே மார்ச் மாதத்தில்தான் பொதுத்தேர்வும் தொடங்கும். தகப்பன் விடியுமுன் பனையேறி, சுண்ணாம்பு தடவிய கலயங்களில் ஊறிய பதநீரை இறக்கி வருவார். தாய் விடிலியில் அதைக் காய்ச்சுவாள். பிள்ளை அந்த அடுப்பு வெளிச்சத்திலேயே சூத்திரங்களை உருப்போடும். வைகாசியில் பதநீர் பெருகி ஓடும் நாளில் தேர்வு முடிவும் வரும். ஆண்டு முழுமைக்கும் வீட்டுச் செலவுக்கும் கடன் அடைக்கவும் வேண்டிய பணம் இந்த ஐந்தாறு மாதத்தில்தான் வந்தாக வேண்டும். கல்லூரிக்கு முன்பணம் கட்டுவதும் அதிலிருந்துதான்.

சென்ற ஆண்டு சித்திரையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். பொறியியல் பயில ஒரு தனியார் நிறுவனத்தில், தேர்வு எழுதுவதற்கு முன்னரே அவனுக்கு இடம் தந்திருந்தனர். முன்பணமும் கட்டியாயிற்று. "அண்ணே, பிசிக்ஸ் பேப்பர் சரியா எழுதல. அம்பதைத் தாண்டாது. சீட்டு போயிருமாண்ணே?" என்றான். பத்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் தாயார் சொன்னார். "என்னய்யா செய்ய, அவன் விதி அப்படி இருந்தா?" என்று அவரே முடித்தும் விட்டார்.

இடம் தந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். யாரும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. எடுத்துவரச் செய்து படித்தோம். மூன்றாம் பக்கத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 60 விழுக்காடு இருந்தால் இடம் நிலைக்கும். சராசரி 75 இருந்தால் கட்டணச் சலுகையும் நிலைக்கும். அவ்வளவே.

கணக்கு எளிது. மூன்று பாடத்துக்கும் சேர்த்து 180 வேண்டும். இயற்பியலில் 50 என்றே வைத்துக்கொண்டாலும் மற்ற இரண்டிலும் சேர்த்து 130 போதும். கணிதம் நன்றாக எழுதியிருந்தான். அன்றிரவு அவன் சாப்பிட்டான் என்று அறிந்தேன். முடிவு வந்தபோது கணிதம் 78, வேதியியல் 63, இயற்பியல் 49, ஆக 190. இடம் நிலைத்தது. ஆனால் சலுகைக்கு வேண்டிய 225-க்கு 35 குறைவு, சலுகை போயிற்று. ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண். ஒரு விதியின்படி அவன் வென்றான், மற்றொன்றின்படி தோற்றான். பத்து நாளாக அவன் அஞ்சியதோ வென்ற விதியைப் பற்றி. தோற்ற விதி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

இடம் வேறு, அதைத் தாங்கும் பணம் வேறு என்னும் இந்த வேறுபாட்டைப் பற்றி எண்ணியபோதுதான், நம் போன்ற ஓர் அரசுக் கல்லூரியில் நூறு ஆண்டுகளுக்கும் முன்பு நிகழ்ந்தது எனக்கு வேறு விதமாகப் புலப்பட்டது.

கும்பகோணம், 1905

கணித மேதை இராமானுசன் கல்லூரித் தேர்வில் தோற்றார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். "இராமானுசனே தோற்றார், நமக்கென்ன" என்று தேர்வறை வாசலில் ஆறுதல் கூறிக்கொள்ளும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை. நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அதில் ஆறுதல் குறைவு; அறிய வேண்டியது மிகுதி.

1887 திசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த அவர், நகர உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிக்குலேசன் தேறி, 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். இன்று அரசினர் கலைக் கல்லூரியாக விளங்கும் அந்நிறுவனத்தைத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்சு' என்று அக்காலத்தில் புகழ்வர். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பெற்றிருந்த தேர்ச்சிக்காக அவருக்குச் சுப்பிரமணியம் உதவித்தொகை கிடைத்தது. அப்போது கட்டணம் பருவத்துக்கு 32 ரூபாய். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். மாத வருவாய் 20 ரூபாய் அளவில். ஒரு பருவக் கட்டணம் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல் என்பதைக் கணக்கிட்டுக்கொள்க.

எப்.ஏ. வகுப்பில் கணிதத்தோடு ஆங்கிலம், வடமொழி, உடலியல், கிரேக்க உரோம வரலாறு ஆகியனவும் இருந்தன. அவர் மனம் கணிதத்தில் மட்டும் நின்றது. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை நின்றது. அவருடைய தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு, கணிதத்தில் தம் மகனுக்கு நிகர் யார் என்று வாதாடினார் என்றும், விதி விதியே என்று முதல்வர் பணிவோடு மறுத்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். முதல்வரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர் முன் இருந்த ஏட்டில் ஒரு வரிதான் இருந்தது.

இங்கு நாம் நின்று நோக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கல்லூரி அவரை வெளியேற்றவில்லை. போனது உதவித்தொகை. அதன் பின்னும் சில மாதங்கள் வகுப்புக்குச் சென்றார். ஆனால் கட்டணச் சுமையும் வெட்கமும் சேர்ந்து அழுத்தவே, 1905 ஆகத்தில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். செப்டம்பரில் 'இந்து' நாளிதழில் பையனைக் காணவில்லை என்று செய்தி வந்தது. அவருக்கு வயது பதினேழு. நம் முதலாண்டு மாணவரின் வயது! பணம் போயிற்று, அதன் பின்னால் இடமும் போயிற்று, அதன் பின்னால் பிள்ளையே காணாமற்போனான். மதிப்பெண்ணுக்கும் இந்த மூன்றாவதற்கும் இடையில் எவ்வளவு தொலைவு! ஆனால் பதினேழு வயதில் அத்தொலைவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிறகு 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-ல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி. அதன் பிறகு பட்டமில்லாமல், வேலையில்லாமல், கணக்குக் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு ஆண்டுகள் கழிந்தன. நெல்லூர் மாவட்ட ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913 சனவரி 16-ல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பின் நடந்தவை நாமறிந்தவை: 1914-ல் கப்பற்பயணம், 1918-ல் இராயல் கழக உறுப்பினர் சிறப்பு, 1920 ஏப்ரல் 26-ல் முப்பத்திரண்டு வயதில் மறைவு.

பலர் விட்டுவிடும் ஒரு நிகழ்ச்சியை நான் இங்குச் சேர்க்க விரும்புகிறேன். இங்கிலாந்து செல்வதற்கு முன், 1913-ல், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அவ்வுதவித்தொகைக்கு உயர் பட்டம் வேண்டும் என்பது விதி. இராமானுசனிடம் எப்.ஏ.-கூட இல்லை. ஆட்சிக் குழுவில் எதிர்ப்பும் எழுந்தது. அப்போது, ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்று என்று பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையே கூறுகிறதே என எடுத்துக்காட்டப்பட்டதாகவும், அதன்மேல் உதவித்தொகை நிறைவேறியதாகவும் வரலாறு கூறுகிறது. விதியை மீறி அவருக்குக் கதவு திறக்கப்படவில்லை. விதிநூலின் மற்றொரு பக்கத்தைப் புரட்டியதால் திறந்தது. 1905-ல் கும்பகோணத்தில் அப்படிப் புரட்டிப் பார்ப்பதற்கு ஒருவர் இல்லை என்பதே அந்த எட்டு ஆண்டுகளின் விலை.

அக்கரையிலும் அயல்நாட்டிலும்

மணப்பாட்டுக் கடற்கரையில் நின்று பார்த்தால் எதிரே நீர்தான் தெரியும். ஆனால் அந்நீருக்கு அப்பால் இலங்கை. அங்கே 1970-71 பல்கலைக்கழகச் சேர்க்கையில் மருத்துவத்துக்கு 400-க்குத் தமிழ்வழி மாணவர் 250 பெற வேண்டும், சிங்களவழி மாணவருக்கு 229 போதும் என்று வைக்கப்பட்டது. பொறியியலுக்கு முறையே 250, 227. யாழ்ப்பாணத்தில் 240 வாங்கிய பிள்ளை இடம் பெறவில்லை. அதே 240 வேறு மொழியில் எழுதியவருக்கு இடம் தந்தது. அதன்பின் 1973-ல் தரப்படுத்தலும் 1974-ல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அதன் விளைவுகளை எழுத இக்கட்டுரை இடம் தராது. என் ஆய்வுக்கு வேண்டியது ஒன்றே: அங்கு 240 என்னும் மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. அதைக் குறைந்த மதிப்பெண் ஆக்கியது ஒரு சுற்றறிக்கை.

இங்கிலாந்தில் வேறு முறை. பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்பே பல்கலைக்கழகங்கள் 'இன்ன தரம் பெற்றால் இடம்' என்று நிபந்தனையோடு இடம் தருகின்றன. 2020-ல் கொரோனாத் தொற்றால் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த தரங்களைக் கணிப்பொறிக் கணக்கு ஒன்றால் திருத்தி ஆகத்து 13-ல் வெளியிட்டனர். ஏறத்தாழ 40 விழுக்காடு தரங்கள் ஆசிரியர் கொடுத்ததினும் குறைந்துபோயின. எழுதாத தேர்வில் தோற்ற பிள்ளைகள் தெருவுக்கு வந்தனர். நான்கே நாளில், ஆகத்து 17-ல், அரசு அக்கணக்கைக் கைவிட்டது. அமெரிக்காவிலும் முதலில் இடம் தந்துவிட்டு, இறுதிப் பருவ மதிப்பெண் பட்டியல் வந்த பின் அதை உறுதி செய்யும் பழக்கம் உண்டு. மிகவும் சரிந்திருந்தால் காரணம் கேட்டுக் கடிதம் வரும்.

நம் மாநிலத்திலும் 2021-ல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 என விகிதம் வகுத்து மதிப்பெண் கொடுத்தனர். இரண்டாண்டுக்கு முன் விளையாட்டாக எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வு, திடீரென்று கல்லூரி வாசலில் வந்து நின்றதை அந்த ஆண்டு மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைய விதிகள்

இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவோம். 1978-ல் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலைக் கல்வி வந்தது. 1980-ல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தது. தொழிற்கல்விக்கு 1984-ல் வந்த மாநில நுழைவுத் தேர்வு 2007-ல் நீங்கியது. இவ்வளவு மாறுதல்களுக்கிடையில் 'மார்க் குறைந்தால் சீட்டு போகும்' என்ற ஒரே வாக்கியம் மட்டும் மாறாமல் ஊரில் வழங்கிவருகிறது. அது சில இடங்களில் உண்மை, பல இடங்களில் பொய்.

நம் போன்ற அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், முடிவு வந்த பிறகுதான் தரவரிசைப் பட்டியல் இடுகின்றனர். பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணே கணக்கு. மொழி இலக்கியப் பட்டங்களுக்கு அந்த மொழியின் மதிப்பெண். இங்கு இடம் கிடைப்பதே மதிப்பெண் தெரிந்த பிறகு. ஆகவே 'கிடைத்த இடம் மதிப்பெண்ணால் போய்விடும்' என்ற அச்சத்துக்கு இங்கு இடமே இல்லை. மாநிலப் பொறியியல் கலந்தாய்விலும் இதே நிலைதான். அங்குக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட்-ஆப் போடுவர், கணிதம் பாதி. எங்கள் தெருத் தம்பியின் 78, 49, 63 அங்கே 134 ஆகும். ஆங்கிலத்தில் தேறினால் போதும். அதில் எவ்வளவு என்று கேட்பதில்லை. இராமானுசன் இன்று வந்திருந்தால் ஆங்கிலத்தில் 35 வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் நின்றிருப்பார் என்று வேடிக்கையாக எண்ணிக்கொள்வேன்.

அச்சம் உண்மையாக இருக்கும் இடங்களும் உள்ளன. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையில் நுழைவுத் தேர்வில் நல்ல தரவரிசை பெற்றிருந்தாலும், பன்னிரண்டில் 75 விழுக்காடு (பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவருக்கு 65) இல்லையேல் இடம் இல்லை. ஆனால் அதே விதியின் அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை: தத்தம் கல்வி வாரியத்தில் முதல் 20 சதமானத்துக்குள் வந்திருந்தாலும் போதும். தொற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த இந்நிபந்தனை 2023-ல் திரும்பி வந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் முடிவுக்கு முன் தரும் இடம் தற்காலிக இடமே. நிபந்தனை என்ன என்பது கடிதத்திலோ கையேட்டிலோ இருக்கும். இடத்துக்கு ஒன்று, சலுகைக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் இருக்கும். ஒன்று போனால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டியதில்லை. கும்பகோணத்துப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்லாதது அதுதான்.

எங்கள் தெருத் தம்பியின் வீட்டில் சலுகை இல்லாமல் கட்டணம் கட்ட இயலாது என்று முடிவாயிற்று. கட்டிய முன்பணம் என்னாகும்? இங்கும் விதி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கென அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னர் விலகினால் கட்டணம் முழுவதும், அதற்குள் விலகினால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50 திருப்பித் தர வேண்டும்; அதன்பின் ஒன்றுமில்லை. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. தம்பியின் தகப்பனார் இதைக் காட்டி எழுதிக் கொடுத்தார், இரண்டு முறை பேருந்துச் செலவு ஆனது, பணம் வந்தது. தம்பி இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் கணிதம் பயில்கிறான். இங்குக் கல்விக் கட்டணம் இல்லை. 2024-ல் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும், 2022-ல் மாணவியருக்காகத் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்துக்கும் எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதுதான் கேள்வி. எத்தனை மதிப்பெண் என்பது இல்லை. இதை எழுதுகையில் 1905-ன் 32 ரூபாயை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தேறவே இல்லை என்றாலும் ஆண்டு முழுவதும் வீணாவதில்லை. முடிவு வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு நடக்கிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறி அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகல் பெற்று, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் நாள் குறிப்பர். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அந்த நாள் தெரியாமலே கடந்துவிடும். அதுதான் உண்மையான இழப்பு. முடிவு வரும் வாரத்தில் பிள்ளையைத் தனியே விடாதிருப்பது பெற்றோர் கடமை. நெஞ்சு தாங்காதென்று தோன்றினால் 104 அல்லது 14416 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஒரு வேண்டுகோள். இக்கடிதங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. சிறிய எழுத்தில் வருகின்றன. பனையடியில் நிற்பவர்களுக்கு அவற்றைப் படிக்க நேரமும் இல்லை. நம் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர் பலர் திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உடன்குடிப் பக்கத்தவரே. சித்திரை, வைகாசி விடுமுறையில் தத்தம் ஊரில் வாரம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். உடன்குடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரலாம். கடிதத்தின் நான்கு பக்கத்தையும் எடுத்து வாருங்கள், குறிப்பாக மூன்றாம் பக்கத்தை. கருப்பட்டிக் காப்பி எங்கள் பொறுப்பு.